ஓகஸ்டில் திறக்கும் கேற்றுகள்: வந்து போகிறவர்களும் பிரதேச சபைக் காசும்

யூலை கடைசியில் எங்கள் ஒழுங்கையில் மூன்று கேற்றுகள் திறக்கும். ஒன்று கனடாக்காரருடையது, ஒன்று சுவிஸ், மற்றது லண்டன். மிச்சப் பதினொரு மாதமும் அந்த வளவுகளில் ஒரு நாயும், கிழமைக்கு ஒருமுறை கூட்ட வரும் ஒரு அம்மாவும்தான். போன வருடம் சுவிஸ் வீட்டு மச்சான் மதிலில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "நாங்கள் வருஷத்தில மூண்டு கிழமைதானே நிக்கிறம். எங்களுக்கு எதுக்கடா வரி?" தேத்தண்ணி முடிவதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது: "இந்த ஒழுங்கைக்கு ஏன் இன்னும் கிரவல் போடேல்ல?"

வன்னியில் இப்படி வந்து போகிறவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டுக்காரர் மட்டுமில்லை, கொழும்பில் வேலை செய்துகொண்டு ஊரில் வீடு வைத்திருப்பவர்கள், பருவத்துக்குக் கரையோரம் வாடி அடிக்கும் கடற்தொழிலாளர், தீவுக்கும் கரைக்குமாக வாழ்கிறவர்கள் என்று பல வகை. இவர்களுக்கும் பிரதேச சபைக்கும் நடுவே வரும் சிக்கலில் பாதி, காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாததால் வருவது. நான் பார்த்த தவறுகளைச் சொல்கிறேன்.

சபையையும் செயலகத்தையும் ஒன்றாக நினைப்பது

இரண்டின் பெயரிலும் 'பிரதேச' இருப்பதால் வரும் குழப்பம். பிரதேச செயலகம் மத்திய அரசின் அலுவலகம். காணி அனுமதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கே. பிரதேச சபை ஊர் தெரிவு செய்யும் உள்ளூராட்சி மன்றம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் இயங்குவது. உள்ளூர் ஒழுங்கைகள், குப்பை, வடிகால், சந்தை, நூலகம், சுடலை, கட்டட அனுமதி எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் ஊருக்குள் ஓடும் எல்லாத் தெருவும் சபையுடையது இல்லை. ஏ, பி தரப் பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், அடுத்த தரம் மாகாணத்திடம். பெரிய வீதியில் கிடக்கும் குழிக்காகத் தவிசாளரைத் திட்டிப் பயனில்லை.

வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணி, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப் பத்திரக் காணி. அதற்கான கட்டணத்தைச் செயலகத்தில் கட்டிவிட்டு, "வரி கட்டியாச்சு" என்று விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. அந்தக் காசில் சபைக்கு ஒரு சதமும் போவதில்லை.

நின்ற நாளைக் கணக்கிட்டு வரியைப் பார்ப்பது

மச்சானின் முதல் கேள்விக்கு இதுதான் பதில். ஆதன வரி, சிலர் வாயில் இன்னும் சோலைவரி, ஆளின் மீது விதிப்பதில்லை, ஆதனத்தின் மீது விதிப்பது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிடுவதுதான் வருடாந்தப் பெறுமதி. அதில் ஒரு சதவீதத்தைச் சபை விதிக்கும். ஒரு பேச்சுக்கு, வருடாந்தப் பெறுமதி 20,000 ரூபாய், வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட வரி 1,000 ரூபாய். முழுவதையும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 சதவீதம் கழிவு, 900 ரூபாயோடு அலுவல் முடிந்தது.

அதாவது கோடிக்கணக்கில் கட்டிய மாளிகைக்கும் வரி பெரிதாக வராது, ஏனென்றால் எங்கள் ஊரில் அதற்கு வாடகை கொடுக்க ஆளில்லை. வந்து போகிறவர்களைச் சபை உறிஞ்சுகிறது என்ற கதை இந்தக் கணக்கில் நிற்காது. இன்னொன்று, கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று சபை பிரகடனம் செய்த இடங்களுக்குத்தான் ஆதன வரி. உங்கள் கிராமம் அதற்குள் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வெளியே உள்ள பயிர்ச்செய்கைக் காணிகளுக்கு ஏக்கர் வரி என்று வேறொன்று இருக்கிறது.

பூட்டிய வீட்டில் பெரிய ஆபத்து வரித் தொகை இல்லை, நிலுவைதான். அறிவித்தல் கேற்றுக்குள் விழுந்து மழையில் கரைந்துவிடும். வரிப் பதிவில் இறந்துபோன ஐயாவின் பெயரே கிடக்கும். ஐந்தாறு வருடம் கழித்து மதில் கட்ட அனுமதி கேட்டுப் போகும்போது சின்னத் தொகை வளர்ந்து, ஒரு மாத விடுமுறையில் ஒரு கிழமையைத் தின்றுவிடும்.

காணி உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது

எனக்கு ஆகக் கோபம் வருவது இதில்தான். ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் இது அரசாங்கத்துக்குப் போகிற காசு என்று நினைத்துச் செய்கிறார்கள்.

காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரி, முதல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். அதை மாகாணம் அறவிட்டு, காணி எந்தச் சபையின் எல்லைக்குள் கிடக்கிறதோ அந்தச் சபைக்குக் கொடுக்கிறது. நீதிமன்றத் தண்டப் பணமும் அப்படித்தான் வரும். ஆதன வரி அதிகம் கிடைக்காத வன்னிச் சபைகளுக்கு இது சின்னத் தொகை இல்லை. நிரந்தர ஊழியர் சம்பளத்துக்கு அரசாங்கத்திடமிருந்து பணம் வருகிறது. ஆனால் தெருவிளக்குத் திருத்த, தண்ணீர்ப் பவுசருக்கு டீசல் அடிக்க, வடிகால் வெட்டச் சபையின் சொந்தக் காசுதான் வேண்டும்.

இனிக் கணக்கு. 50 இலட்சத்துக்கு வாங்கிய காணிக்கு முத்திரை வரி 1,99,000 ரூபாய். அதையே 20 இலட்சம் என்று எழுதினால் 79,000. வித்தியாசம் 1,20,000 ரூபாய். அந்த ஒரு உறுதியில் மறைந்தது, எங்கள் ஒழுங்கைக்குச் சில லோட் கிரவல். வாங்கியவரே பிறகு வந்து கிரவல் எங்கே என்று கேட்பார். நாளைக்கு அதே காணியை விற்கும்போதோ, ஒரு வழக்கென்று வந்தாலோ, உறுதியில் உள்ள குறைந்த விலை அவருடைய காலையே வாரும். அதையும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இதைவிட மோசமானது, உறுதியே இல்லாமல் வாங்குவது. அனுமதிப் பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி மாற்றுவதற்கும் தடை. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கும், முதுசமாக வரும் சொத்துக்கும் விலக்கு உண்டு. இந்த இரண்டு வேலியையும் பார்த்துவிட்டு ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வெறும் கடதாசியில் ஒரு ஒப்பந்தம், அல்லது மருமகன் பெயரில் ஒரு அற்றோணித் தத்துவம், அதாவது இன்னொருவருக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம். காசு கைமாறிவிடும். சபைக்கு முத்திரை வரி இல்லை, வாங்கியவருக்கு உரித்தும் இல்லை. மருமகனுக்கும் மாமாவுக்கும் கதை பேச்சு நிற்கும்போதுதான் அந்தக் கடதாசியின் பெறுமதி தெரியும்.

சோலர் லைற் நட்டுவிட்டுப் போவது

நல்ல மனதோடு செய்யும் தவறு, அதனால் சொல்லவே சங்கடம். சந்திக்குச் சந்தி சோலர் விளக்கு நடுகிறார்கள், அப்பப்பா பெயரில் பேருந்துத் தரிப்பிடம் கட்டுகிறார்கள். திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பற்றரி செத்துவிடும். சபையைக் கேட்டால், எங்கள் சொத்துப் பதிவேட்டில் அப்படி ஒரு விளக்கு இல்லை என்பார்கள். நியாயம்தான். பதிவில் இல்லாத சொத்துக்குச் செலவு எழுதினால் கணக்காய்வில் கேள்வி வரும்.

எதையாவது கொடுப்பதென்றால் முதலில் சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள். சபை தீர்மானம் எடுத்து ஏற்று, பதிவேட்டில் எழுதட்டும். பராமரிப்பு யாருடையது என்றும் கடிதத்திலேயே இருக்கட்டும். கையில் காசாகக் கொடுப்பதானால், எவ்வளவு தெரிந்த ஆளானாலும், சபையின் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். பற்றரிக்குக் காசு ஒதுக்கிவிட்டு விளக்கை நடுங்கள் என்று நான் சொன்னபோது ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பற்றரிக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாதே!

கூட்டம் வந்தால் காசு வரும் என்று நம்புவது

இது ஊரில் இருக்கிற எங்களுடைய தவறு. வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கும், ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு மடு மாதாவிடமும் வரும் சனத்தைப் பார்த்தால் சபை கொழிக்கும் என்று தோன்றும். தற்காலிகக் கடைகளின் குத்தகை, வாகனத் தரிப்பிடக் காசு என்று வருவது உண்மை. ஆனால் அதே நாட்களில் தண்ணீர்ப் பவுசர், மலசலகூடம், குப்பை அள்ளக் கூடுதல் ஆட்கள் என்று செலவும் சேர்ந்தே வரும். வரவு சில நாட்களில் நின்றுவிடும், அந்தச் சில நாட்களுக்காக வாங்கிய உழவு இயந்திரத்துக்கு வருடம் முழுவதும் செலவு. பாதீட்டைத் திருவிழாக் கூட்டத்தை நம்பிப் போடுவது, கச்சான் கடைக்காரர் கூடச் செய்யாத வேலை.

"வெளிநாட்டுக்காரர்தானே, கூட்டிக் கேட்போம்" என்பதும் எங்கள் பக்கத் தவறுதான். கடவுச்சீட்டைப் பார்த்துக் கட்டணம் வாங்கச் சபைக்கு இடமில்லை. சட்டத்திலோ துணைவிதியிலோ இல்லாத அறவீட்டுக்குப் பற்றுச்சீட்டும் கிடைக்காது.

பூட்டிய மாளிகையையும் இரணைதீவையும் ஒரே தராசில் வைப்பது

பூநகரிப் பிரதேசத்தின் இரணைதீவு மக்கள் 1992 இல் இடம்பெயர்ந்து, முழங்காவிலில் இரணைமாதா நகரில் இருந்தார்கள். தீவு கடற்படையிடம் இருந்தது. 2017 இல் போராட்டம் தொடங்கி, கிட்டத்தட்ட ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23 அன்று தாங்களே படகேறிப் போய் இறங்கினார்கள். நண்டும் கடலட்டையும் மீனும் தீவில். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கரையில். ஆகவே பல குடும்பங்கள் அங்கும் இங்குமாகத்தான் வாழ்கின்றன.

இவர்களும் 'பகுதிநேரக் குடியிருப்பாளர்'தான். ஆனால் காரணம் நேர் எதிர். சுவிஸ் மச்சான் வசதி இருப்பதால் வந்து போகிறார், இவர்கள் வசதி இல்லாததால் வந்து போகிறார்கள். ஆட்கள் நிரந்தரமாக இல்லை, அதனால் இறங்குதுறைக்கும் வெளிச்சத்துக்கும் ஏன் செலவு என்று ஒரு அதிகாரி கேட்கலாம். செலவு செய்யாததால்தான் ஆட்கள் நிரந்தரமாக இல்லை என்று தீவார் பதில் சொல்வார்கள். தலையை எண்ணி மட்டும் காசு பிரித்தால் இந்த வட்டம் உடையாது. 2021 மார்ச்சில் கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்க அரசு இரணைதீவைத் தெரிவு செய்தபோது மக்கள் எதிர்த்து இறங்கினார்கள். வந்து போகிற ஊரை ஆளில்லாத வெறும் ஊராக எண்ணுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எனக்கு அந்த நாட்கள்தான் நினைவு வரும்.

கேள்வி கேட்கும் வழியைத் தொலைப்பது

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில் சபையின் வரவு செலவை எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்த உரிமை இலங்கைப் பிரசைக்குத்தான். பிரசாவுரிமையை விட்டவர்கள் ஊரில் உள்ள அக்காவையோ தம்பியையோ கொண்டு கேட்பிக்கலாம். வாக்கும் அப்படித்தான், வெளிநாட்டில் இருந்துகொண்டு போட வழியில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை சபைச் செயலாளர்களே நடத்தினார்கள். அந்த இரண்டு வருடமும் கேட்க ஆளில்லை என்று முறையிட்டவர்களில் எத்தனை பேர் ஒரு கடிதம் எழுதினார்கள் என்று தெரியவில்லை. நானும் எழுதவில்லை.

சரி, மச்சானின் கதைக்கு வருவோம். போகிற அன்று காலையில் அவரைச் சபைக்குக் கூட்டிப் போனேன். ஐயாவின் பெயரில் நான்கு வருட நிலுவை கிடந்தது. பெயர் மாற்ற உறுதியின் பிரதி வேண்டும் என்றார்கள், உறுதி சூரிச்சில் இருந்தது. நிலுவையை மட்டும் கட்டினார். பற்றுச்சீட்டைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, அவ்வளவுதானா என்று கேட்டார். அன்றைக்கு விமான நிலையத்துக்குப் பிடித்த வானின் காசு அதைவிடக் கூட.