காலையில் குளக்கரை, வெயில் ஏறினால் போர்க்களம்: கொங்கு நாட்டைச் சுற்றிப் பார்க்க ஒரு வழி

கொங்கு நாட்டில் போர்க்களம் பார்க்கலாம் என்று கிளம்பினால், கடைசியில் போய் நிற்பது பெரும்பாலும் ஒரு கடலைக்காட்டு ஓரமாகத்தான் இருக்கும். நுழைவுச்சீட்டு, வரைபடம், "இங்கேதான் நடந்தது" என்கிற பலகை எதையும் எதிர்பார்க்காதீர்கள். என்ன நடந்தது என்பதை முன்னாலேயே தெரிந்துகொண்டு போய், மேடு எங்கே, பள்ளம் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் என்று நிலத்தைப் பார்க்கப் பழகினால் மட்டும்தான் அந்த இடம் பேசும். குதிரையும் பொதிமாடும் வைத்துக்கொண்டு வந்த படை தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரிகூடத் தங்க முடியாது. அதனால் நம் ஊர்ச் சண்டைகள் நடந்த இடமெல்லாம் காவிரி, பவானி, நொய்யல் என்று ஏதாவது ஒரு தண்ணீரை ஒட்டியே இருக்கின்றன. பறவைகள் வருகிற குளங்களும் அதே பக்கம்தான், எனவே இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துப் பார்ப்பதே சரி என்பது என் அனுபவம்.

போவதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை நல்ல காலம். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் விடுவார்கள், மழையும் சேர்ந்துகொண்டால் கார்த்திகை, மார்கழியில் குளங்கள் நிரம்பிக் கிடக்கும், வடக்கே இருந்து வருகிற பறவைகளும் அப்போதுதான் இருக்கும். ஒருமுறை சித்திரை மாசம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போய், வெடித்த சேற்றையும் ஓரத்தில் இரண்டு கொக்குகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கூட வந்த குழந்தைகள் முகம் வாடிப்போனது இன்னும் மனதில் இருக்கிறது. மாதமும் நேரமும் தவறினால் மற்ற எல்லாமே தவறிவிடும்.

இது மூன்று நாள் பயணம். முந்தின இரவே ஈரோட்டில் தங்கி, முதல் நாள் வெள்ளன எழுந்து வெள்ளோடு போய்விடுங்கள். ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகிற சாலையில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பேருந்தில் வந்தாலும் இறங்கி நடந்துவிடலாம், ஆனால் மூன்று நாளும் சுற்றுவதென்றால் சொந்த வண்டி இருப்பது நல்லது. வெள்ளோடு ஏரி 77 எக்டேர்தான், பெரிய ஏரி இல்லை. 1996-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம், ஊசிவால் வாத்து, கிளுவை எல்லாவற்றையும் கரையில் நின்றே பார்க்கலாம். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், அதற்கு மேல் போனால் கை ஆடும். பளிச்சென்ற மஞ்சள், வெள்ளைச் சட்டை வேண்டாம், பேச்சைக் குறையுங்கள்.

எல்லாப் பறவையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாமல் ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். பாம்புத்தாரா என்று ஒன்று இருக்கிறது, உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி மேலே நிற்கும். சட்டென்று முங்கி, மீனைக் கூர்மூக்கில் குத்திக்கொண்டு மேலே வரும். அதை ஒரு உதறு உதறித் தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக விழுங்கும். அப்புறம் ஒரு பட்டுப்போன கருவேல மரத்தில் ஏறி, இரண்டு இறக்கையையும் விரித்து, துவைத்த வேட்டியைக் காயப்போட்ட மாதிரி அப்படியே நிற்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மட்டும் காட்டினாலே போதும், அந்தப் பயணம் அவர்களுக்கு மறக்காது.

வெயில் ஏறியதும் அரச்சலூர் பக்கம் கிளம்புங்கள். ஈரோடு–காங்கேயம் சாலையில் அரச்சலூர், அதன் அருகில்தான் ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டி இருந்த ஊர் இது. காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தவர், இயற்பெயர் தீர்த்தகிரி. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல் என்று அனுப்பிய கதையை இந்தப் பக்கம் சின்னக் குழந்தையும் சொல்லும். 1801-இல் காவிரிக் கரையிலும், 1802-இல் ஓடாநிலையிலும், 1804-இல் அரச்சலூரிலும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையோடு மோதி வென்றவர் என்று கொண்டாடுகிறோம். கோட்டையைக் கும்பெனிக்காரர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இப்போது இருப்பது அரசு கட்டிய மணிமண்டபமும் சிலையும்.

பெரும்பாலானவர்கள் சிலைக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மண்டபத்தைப் பார்த்தபிறகு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடங்கள், ஏதாவது ஒரு இட்டேரிக்குள் நுழையுங்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குத் தடம். (காலையில் குளத்தில் பார்த்த கிளுவை பறவை, இங்கே அதே பெயரில் வேலி மரம்.) குதிரையில் வருகிறவன் இந்தத் தடத்துக்குள் நுழைந்துவிட்டால் முன்னால் போகலாம், பின்னால் திரும்பலாம், பக்கத்தில் ஒதுங்க முடியாது. தடம் தெரிந்த உள்ளூர்க்காரன் கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு பெரிய படையை எப்படித் திணறடிக்க முடியும் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் புரியும். யார் தோட்டத்துக்குள் போவதாக இருந்தாலும் குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள், படலைத் திறந்தால் திரும்பச் சாத்துங்கள், மாடு வெளியே போய்விட்டால் அவர்களுக்கு ஒரு நாள் வேலை கெட்டுவிடும்.

காங்கேயம், பெருந்துறை, அவிநாசி சுற்று வட்டாரத்தில் நடுகற்களையும் விசாரியுங்கள். "நடுகல்" என்று கேட்டால் பலருக்குத் தெரியாது, "புலிகுத்திக் கல் இருக்குங்களா" என்று கேளுங்கள். பின்னங்காலில் எழுந்து நிற்கிற புலி, அதன் மேல் ஆயுதத்தைப் பாய்ச்சுகிற ஆள், ஒரு பக்கமாகச் சாய்ந்த கொண்டை. மாட்டுப்பட்டியைக் காத்துச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல் அது. காங்கேயம் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் அப்படி ஒரு கல்லைக் கண்டு, அங்கே இருந்த பெரியவரிடம், "ஏனுங்க, இது எந்தக் காலத்துக் கல்லுங்க?" என்றேன். "காலமெல்லாம் தெரியாதுங்க தம்பி. எங்கப்பாரு கும்பிட்டாரு, நாங்களும் கும்பிடறோம். செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார். ஆகவே அதைச் சாமியாகவே நினைத்துக் கிட்டே போங்கள். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புப் பொடி தடவுவது, சுரண்டுவது கூடவே கூடாது. காலை எட்டு மணிக்குள் சாய்வாக வெயில் விழும்போது பார்த்தால் தேய்ந்த வடிவங்கூடத் தானாகவே எழுந்து வரும்.

இரண்டாம் நாள் சங்ககிரி மலைக்கோட்டை. ஆறரை மணிக்கே ஏறத் தொடங்கிவிட வேண்டும், ஒன்பதுக்கு மேல் பாறை சுடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், நல்ல பிடிமானம் உள்ள செருப்போ ஷூவோ, குரங்கு பறிக்காத மாதிரி மூடிய பை. மேலே கடை எதுவும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நின்று நிதானமாகப் போனால் ஏற இரண்டு மணி நேரம் ஆகும். வாசலுக்கு மேல் வாசலாக வரும், ஒவ்வொரு வாசலைத் தாண்டியதும் திரும்பி நின்று, மேலே மதிலில் இருப்பவனுக்கு நீங்கள் எப்படித் தெரிவீர்கள் என்று பாருங்கள், மலைக்கோட்டையின் சூட்சுமம் அதில் இருக்கிறது. 1805 ஜூலை 31, அன்றைக்கு ஆடிப்பெருக்கு, சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் இந்தக் கோட்டைதான். ஊரே ஆற்றங்கரையில் முளைப்பாரி விட்டுக்கொண்டிருக்கிற நாளில் அது நடந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும். இப்போது ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வருகிறது. அன்று ஓடாநிலையிலும் சங்ககிரியிலும் பெருங்கூட்டம் கூடும், மரியாதை செலுத்த வருவதென்றால் அன்று வாருங்கள், அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள்.

மூன்றாம் நாள் சத்தியமங்கலம். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் கெஜ்ஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்து, சத்தியமங்கலத்தில் இருந்த கும்பெனியின் கர்னல் பிளாய்டின் படையைத் தாக்கினார். 13-ஆம் தேதி முழுக்கச் சண்டை, மறுநாள் பிளாய்டு கோவையை நோக்கிப் பின்வாங்க, சேவூரில் மறுபடி கடும் மோதல். நெருக்கமான வேலிகள் குதிரைப்படைக்குப் பெரும் இடைஞ்சலாக இருந்ததை அந்தப் போரைப் பற்றிய குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள், ஓடாநிலை இட்டேரியில் நடந்தவர்களுக்கு அது உடனே விளங்கும். கெஜ்ஜலட்டி இப்போது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அந்தப் பக்கம் போக நினைக்க வேண்டாம். சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றைப் பார்த்துவிட்டு, புளியம்பட்டி, சேவூர் வழியாக அவிநாசி வந்தால் அந்தப் படை பின்வாங்கிய திசையிலேயே நீங்களும் வருவீர்கள். சாயங்காலம் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குப் போய்விடலாம், ஊத்துக்குளி சாலைப் பக்கம், சர்க்கார் பெரியபாளையம் அருகில். 2024-இல் இதுவும் ராம்சர் பட்டியலுக்கு வந்தது. பனியன் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில், இமயத்தைத் தாண்டிப் பறக்கிற வரித்தலை வாத்து வந்து இறங்குகிற குளம் இருக்கிறது என்பதைத் திருப்பூர்க்காரர்களிலேயே பலர் கவனித்ததில்லை.

அந்த மூன்றாம் நாள் சேவூர் பக்கம் கிளம்புவதற்கு முன், காலையிலேயே ஒரு மணி நேரம் பவானிசாகர் அணைக்கு ஒதுக்குங்கள். பவானியும் மோயாறும் சேருகிற அந்த இடத்தில்தான் டணாயக்கன்கோட்டை இருந்தது. போசளர் (ஹொய்சாளர்) தளபதி ஒருவர் கட்டிய கோட்டை, மேட்டு நிலத்திலிருந்து கணவாய் வழியாக இறங்கி வருகிறவர்களுக்கு முதல் காவல். 1955-இல் அணை கட்டி முடிந்தபோது கோட்டையும் ஊரும் தண்ணீருக்குள் போய்விட்டன. கடும் வறட்சி வந்து நீர்மட்டம் ரொம்ப இறங்குகிற வருடங்களில் மாதவராயப் பெருமாள் கோயில் மண்டபம் மட்டும் சேற்றோடு வெளியே தெரியும். அதைப் பார்க்க நீர்த்தேக்கத்துக்குள் இறங்காதீர்கள், பரிசல்காரர் யாராவது கூப்பிட்டாலும் வேண்டாம். யானைகள் தண்ணீர் குடிக்க வருகிற கரை அது, சேறும் ஆளை இழுக்கும், வனத்துறையும் அனுமதிப்பதில்லை. அணைப் பூங்காவோடு நின்றுகொள்ளுங்கள். வெளியே வரும்போது கீழ்பவானி வாய்க்கால் தொடங்குகிற பக்கம் ஒரு நிமிடம் நில்லுங்கள், அந்தக் கோட்டையை மூடியிருக்கிற தண்ணீர்தான் இதில் இறங்கி அரச்சலூர்க் காடுகள் வரைக்கும் போகிறது.