குழந்தைக் கல்லறைகளைச் சீராக்க

முதலில் ஆலயத்தை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியிடமோ பங்குத்தந்தையிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொடும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் வேலைக்குத் தோது.

சிறு கல்லறைகள் மண்ணில் புதைந்து கிடக்கும். மண்வெட்டி வேண்டாம், கொத்துக்கரண்டி போதும். ஆலங்கன்றைப் பிடுங்கினால் இணைப்பே பெயரும். அடியோடு அறுங்கள், துளிர்த்தால் மறுபடி அறுங்கள். பாசி படிந்த கல்லை நன்றாக நனைத்துத் தென்னந்தும்பால் (தேங்காய் நாரால்) தேய்க்கலாம். ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பிப் பிரஷ் எல்லாம் எழுத்தைத் தின்றுவிடும்.

விரிசலில் சிமென்ட் பூசுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உள்ளே ஈரம் சிக்கி, உப்புப் பூத்து, பழைய சுண்ணாம்பு உதிரும். அதற்குப் பதில் நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த ஆற்றுமணல் 3 பங்கு கலந்து பூசுங்கள். கடல்மணல் கூடவே கூடாது. பூசியபின் ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்துங்கள். மங்கிய பெயரைப் படிக்க, கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள்.