நிசேயா அறிக்கையைக் கடைசிப் பத்தியிலிருந்து படிப்பது எப்படி?

திருப்பலியிலும் திருவிருந்து ஆராதனையிலும் 'நிசேயா' என்ற பெயரில் சொல்லப்படும் விசுவாச அறிக்கை, 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் எழுதியது அல்ல. 381 கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தின் வடிவம். கிறிஸ்துவின் இறைத்தன்மை பற்றி அன்று எதற்காக மோதிக்கொண்டார்கள் என்று புரிய, இரண்டு பாடங்களும் வேண்டும். சேர்த்தாலும் இரண்டு பக்கம் தாண்டாது.

325 பாடத்தின் கடைசியில் ஒரு சாபப் பத்தி இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். 'அவர் இல்லாதிருந்ததுண்டு', 'பிறக்குமுன் அவர் இல்லை', 'இல்லாமையிலிருந்து உண்டானார்' என்போரை அது விலக்குகிறது. மகனாகிய கிறிஸ்து தந்தையால் படைக்கப்பட்டவர் என்ற அலெக்சாந்திரியா குரு ஆரியுஸ் தரப்பின் பேச்சு இது. முதல் வாசகத்தில் 'காலம்' என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். மகன் காலங்களுக்கு முந்தியவர் என்றுதான் ஆரியுஸும் சொன்னார்.

இவற்றைத் தாளின் இடப்பக்கம் எழுதி, எதிரே அறிக்கையின் பதிலை எழுதுங்கள். 'உண்டாக்கப்பட்டவர் அல்லர்' எதற்குப் பதில் என்பது உடனே தெரியும். 'தந்தையின் சாரத்திலிருந்து' என்பதுதான் சுவையானது. முதலில் 'கடவுளிடமிருந்து' என்று மட்டும் எழுதப் பார்த்தார்கள்; 'எல்லாமே கடவுளிடமிருந்துதானே' என்று எதிர்த்தரப்பு சுலபமாகத் தலையாட்டியதாம். சொல்பவர் அத்தனாசியுஸ், ஆரியுஸின் எதிரி. அந்தக் கழிவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நீதிமொழிகள் 8:22. இங்கே பலர் சறுக்குவார்கள். புராட்டஸ்டண்டுகளின் பழைய மொழிபெயர்ப்பில் 'கொண்டிருந்தார்' என்று இருப்பதால் சிக்கலே கண்ணில் படாது. அன்று இரு தரப்பும் கையில் வைத்திருந்த கிரேக்கப் பாடத்தில் ஞானம் 'ஆண்டவர் என்னைப் படைத்தார்' என்கிறது. அந்த ஞானம் கிறிஸ்துவே என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. ஆரியுஸ் தரப்புக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

'ஊசியா' (சாரம்), 'ஹுப்போஸ்டாசிஸ்' (தனி இருப்பு; பின்னாளில் 'ஆள்' என்ற பொருளில்) இரண்டையும் கிரேக்கமாகவே விட்டுவிடுங்கள். மகன் தந்தையினுடையதல்லாத வேறு ஹுப்போஸ்டாசிஸிலிருந்தோ ஊசியாவிலிருந்தோ வந்தவர் என்போரையும் 325 சாபப் பத்தி விலக்குகிறது; அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்று. 362இல் அலெக்சாந்திரியாவில் கூடிய சங்கம், பொருள் சரியென்றால் 'மூன்று ஹுப்போஸ்டாசிஸ்' என்பதும் தவறல்ல என்றது. பிறகு 'ஒரு ஊசியா, மூன்று ஹுப்போஸ்டாசிஸ்' என்பதே வழக்கமானது. ஆண்டைப் பார்க்காமல் படித்தால் நிசேயா தன்னைத்தானே சபித்துக்கொண்டதுபோலத் தோன்றும்.

கடைசியாக 381 பாடம். சாபப் பத்தி இல்லை, 'தந்தையின் சாரத்திலிருந்து' இல்லை. 'அவருடைய ஆட்சிக்கு முடிவிராது' புதிதாக வந்திருக்கிறது. அது ஆரியுஸுக்கு எதிரானது அல்ல. நிசேயாவில் அவரை எதிர்த்து நின்ற, ஆனால் கிறிஸ்துவின் ஆட்சி ஒருநாள் முடியும் என்று சொன்ன அன்கீரா ஆயர் மார்செல்லுஸுக்கு எதிரானது.