டிவிக்கு அடியில் வைக்கும் கணினி: பாகம் வாங்கும்போது செய்யும் தவறுகள்

படத்தில் யாருமே பேசாத ஒரு காட்சி. இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னணி இசைகூட இல்லை. அந்த நேரம் பார்த்து டிவிக்குக் கீழேயிருந்து கொசுவின் ரீங்காரம் போல ஒரு கீச்சொலி. நான் முதன்முதலில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஹோம் தியேட்டர் கணினியின் லட்சணம் அது. கேபினெட் ஃபேனை இரண்டு முறை மாற்றினேன். பிராசசர் கூலரையும் மாற்றினேன். சத்தம் அசையவில்லை. கடைசியில் ஒரு காகிதத்தைக் குழாய் போலச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் ஒவ்வொரு பக்கமாக நகர்த்திக் கேட்டபோதுதான் திருடன் பிடிபட்டான். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருந்த 40 மில்லிமீட்டர் ஃபேன். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் அது. மற்ற எல்லாவற்றையும் ஆராய்ந்து வாங்கிய நான், அதை மட்டும் தேர்ந்தெடுக்கவே இல்லை.

இந்த வகைக் கணினியில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் வாங்கும் வரிசையிலேயே தொடங்கிவிடுகின்றன. முதலில் வேகமான பிராசசர், அதற்கேற்ற மதர்போர்டு, கையில் மிஞ்சிய பணத்தில் கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும். மேசைக் கணினிக்கு இது போதும். டிவி அலமாரியில் உட்காரப்போகும் பெட்டிக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எங்கே வைக்கப்போகிறோம், அங்கே காற்று எப்படி உள்ளே போய் வெளியே வரும், அந்த இடம் எவ்வளவு வெப்பத்தைச் சத்தமில்லாமல் தாங்கும் என்பதை முதலில் பாருங்கள். உள்ளே என்ன போடலாம் என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

சின்னப் பெட்டி என்றால் அமைதியான பெட்டி என்று நினைப்பது

உண்மையில் நேர் எதிர். பெட்டி சுருங்கச் சுருங்க ஃபேனும் சுருங்கும். 120 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்போடு ஒப்பிட்டால் 40 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்பு ஒன்பதில் ஒரு பங்குதான். அதே அளவு காற்றைத் தள்ள அது பல மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். வேகம் கூடும்போது சத்தம் பெரிதாவதோடு அதன் சுருதியும் ஏறுகிறது. 'உஸ்ஸ்' என்ற தாழ்ந்த காற்றோசையைக் காது சீக்கிரம் மறந்துவிடும். கீச்சொலியை மறக்காது.

மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு 170 மில்லிமீட்டருக்கு 170 மில்லிமீட்டர். அதை வைத்துக் கையளவுப் பெட்டி கட்ட முடியும் என்பதற்காகக் கட்டியே தீர வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. ஆம்ப்ளிஃபையர் அகலத்தில் கிடக்கும் தட்டையான கேபினெட் அலமாரியில் ஒரு சாதனம் போலவே அடங்கிவிடும், பெரிய ஃபேனுக்கும் இடம் தரும். ஒரு ஃபேனை விரட்டுவதைவிட இரண்டு பெரிய ஃபேன்களை மெதுவாக ஓட்டுவது மேல். ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்கள் சேர்ந்து ஓடினால் கூடுவது 3 டெசிபல். சத்தம் இருமடங்காகிவிட்டது என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். இரண்டாவது ஃபேனைச் சேர்த்து இரண்டின் வேகத்தையும் குறைத்துவிட்டால் மொத்தத்தில் லாபம் நமக்கே. ஃபேன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது.

கூலரின் உயரம் இன்னொரு கண்ணி. கேபினெட் விவரத்தில் 'கூலர் உயரம் 60 மி.மீ. வரை' என்றிருந்தால், சரியாக 60 மில்லிமீட்டர் கூலரை வாங்கி அமுக்கிப் பொருத்துபவர்கள் உண்டு. பெட்டி மூடும். ஆனால் ஃபேன் மேல்தகட்டின் துளைகளோடு ஒட்டி நின்று காற்றை இழுக்கும்போது அந்தத் துளைகளே இரையத் தொடங்கும். நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இடம் உண்மையிலேயே குறைவென்றால் நொக்டுவா நிறுவனத்தின் என்எச்-எல்9ஐ போன்ற 37 மில்லிமீட்டர் கூலர்கள் இருக்கின்றன. அவற்றால் குளிர்விக்க முடிகிற பிராசசரைத்தான் அப்போது தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபேனே இல்லாத கேபினெட்டும் உண்டு. பெட்டியின் உலோக உடம்பே சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க், வெப்பக் குழாய்கள் பிராசசரின் சூட்டைப் பக்கச் சுவருக்குக் கடத்தும். அழகான ஏற்பாடு. அதைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்துக் கதவையும் சாத்திவிட்டால், தான் வெளியேற்றிய சூட்டிலேயே அது வேகும். எந்தப் பெட்டியானாலும் அலமாரியின் பின்பலகையில் ஒரு பெரிய துளை போட்டுவிடுங்கள். விலை உயர்ந்த கூலர் செய்யாத வேலையை அந்தத் துளை செய்யும்.

4கே ஓட வேகமான பிராசசர் வேண்டும் என்று நம்புவது

படம் ஓட்டுவது பிராசசரின் பொது வேலை அல்ல. கிராஃபிக்ஸ் பகுதிக்குள் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. படம் எந்த வடிவில் சுருக்கப்பட்டிருக்கிறதோ, அந்த வடிவம் அந்தச் சுற்றுக்குத் தெரிந்திருந்தால் சாதாரணப் பிராசசர்கூட வியர்க்காமல் 4கே ஓட்டும். தெரியாவிட்டால் மொத்தச் சுமையும் பிராசசரின் தலையில் விழும். சூடு ஏறும், ஃபேன் அலறும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதல்ல, எச்இவிசி 10-பிட், ஏவி1 என்ற இரண்டு சுருக்க வடிவங்களும் ஹார்ட்வேரில் பிரியுமா என்பதுதான். இன்டெல்லில் எச்இவிசி 10-பிட் முழுமையாக வந்தது ஏழாம் தலைமுறையில், ஏவி1 வந்தது பதினொன்றாம் தலைமுறையில். ஏஎம்டியின் ரைசன் 5000ஜி வரிசை இதற்குப் பொருத்தமானது என்று பலரும் வாங்குகிறார்கள். அதன் வேகா கிராஃபிக்ஸுக்கு ஏவி1 தெரியாது. இதைவிட ஏமாற்றுவது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கிராஃபிக்ஸ் கார்டு. ஆர்எக்ஸ் 6000 குடும்பம் ஏவி1 பிரிக்கும் என்று படித்துவிட்டு, அதில் குட்டையான கேபினெட்டுக்கு ஏற்றது இதுதான் என்று வாங்குவார்கள். அந்தக் குடும்பத்தில் 6400, 6500 எக்ஸ்டி ஆகிய கடைக்குட்டிகளில் மட்டும் ஏவி1 சுற்றை நீக்கிவிட்டார்கள். குடும்பப் பெயரை நம்பாமல் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

எழுத்துகளையும் கவனியுங்கள். இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று வாங்கினால், திரையில் படம் வரவே தனிக் கார்டு வாங்க வேண்டும். அத்தோடு கார்டின் சூடும் ஃபேனும் வீட்டுக்கு வரும். 'டி' என்று முடிபவை 35 வாட் வகை. அவை மெதுவானவை என்று ஒதுக்குகிறார்கள். இந்த வேலைக்கு அவைதான் லட்சியப் பிராசசர்கள் என்பது என் கருத்து. கிடைக்காவிட்டால் சாதாரண 65 வாட் பிராசசரை வாங்கி, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் வாட் வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். படம் ஓடும்போது வித்தியாசம் தெரியாது.

ராம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 8 ஜிபி போதும், 16 தாராளம். உயரமான அலங்காரத் தகடு வைத்ததை மட்டும் வாங்காதீர்கள், குட்டைக் கூலரில் இடிக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய எண்ணைத் துரத்துவது

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இப்படிப்பட்ட கணினி, படம் ஓடும்போது பெரும்பாலும் 50 வாட்டுக்குள்தான் இழுக்கும். அதற்கு 600 வாட் எஸ்எம்பிஎஸ் போடுவது தேநீர்க் கோப்பைக்குத் தண்ணீர் பிடிக்கத் தீயணைப்புக் குழாயைத் திறப்பது மாதிரி. மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரும் 80 பிளஸ் முத்திரை இருக்கிறதே என்பார்கள். அந்தச் சோதனை நடப்பது 20, 50, 100 சதவீதச் சுமைகளில். 10 சதவீதத்திலும் சோதிப்பது டைட்டானியம் போன்ற உச்சத் தரங்களுக்கு மட்டும். நம் பெட்டியோ 8 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே திறன் என்ன என்று அந்த முத்திரை ஒன்றும் சொல்வதில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸில் அளவைப் பொறுத்துப் பல வகைகள் உண்டு. ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ் வகைக்குள் இருப்பது 40 மில்லிமீட்டர் ஃபேன், என் பழைய எதிரி. டிஎஃப்எக்ஸில் 80. எஸ்எஃப்எக்ஸில் 80 அல்லது 92. சற்றே நீளமான எஸ்எஃப்எக்ஸ்-எல்லில் 120. கேபினெட் எந்த வகையை ஏற்கும் என்று வாங்குமுன் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். குறைந்த சுமையில் ஃபேனை முழுவதும் நிறுத்திவைக்கும் மாடல்கள் இருக்கின்றன, நமக்கு வேண்டியவை அவையே. இன்னும் எளிய வழி, மடிக்கணினிக்கு வருவது போன்ற 12 வோல்ட் அடாப்டரை வெளியே வைத்துவிட்டு, உள்ளே விரலளவு மின்னழுத்த மாற்றிப் பலகை ஒன்றைப் போடுவது. ஃபேனும் இல்லை, மாற்றத்தில் பிறக்கும் சூட்டில் பெரும்பகுதி பெட்டிக்கு வெளியேயே தங்கிவிடும். இவற்றில் எதுவானாலும் சுருள் ரீங்காரம், அதாவது உள்ளிருக்கும் கம்பிச் சுருள் அதிர்ந்து எழுப்பும் மெல்லிய ஒலி, இருக்கிறதா என்று திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், இரவு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். பகலில் அது காதில் விழாது.

சத்தத்தை வீட்டுக்குள் அழைப்பது ஹார்ட் டிஸ்க்கும்தான். சுழலும் தட்டின் அதிர்வை அலமாரிப் பலகை வாங்கி, வீணையின் குடம் போலப் பெருக்கிக் கொடுக்கும். இயங்குதளத்துக்கு ஒரு எஸ்எஸ்டி போதும். அதுவும் அதிவேக என்விஎம்இ வகை வேண்டாம், பல சின்ன மதர்போர்டுகளில் அடிப்பக்கத்தில் காற்றே படாமல் அது காயும். படத் தொகுப்பை வேறு அறையில் ஒரு சேமிப்புப் பெட்டியில் வைத்து நெட்வொர்க் கேபிளில் இழுத்துக்கொள்ளுங்கள். அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டின் உச்ச வேகமே நொடிக்கு 150 மெகாபிட்டுக்குள்தான், கிகாபிட் கேபிள் அதை அனாயாசமாகக் கடத்தும்.

ஒரே சீராக ஓடும் ஃபேனைவிட, ஏறி இறங்கும் ஃபேன்தான் எரிச்சல் தரும். மதர்போர்டு வாங்கும்போது, வெப்பம் ஏறியும் ஃபேன் எத்தனை நொடி பொறுத்து வேகமெடுக்க வேண்டும் என்று பயாஸில் அமைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்த விடும் நான்கு ஊசி ஃபேன்களையே வாங்குங்கள். பழைய சந்தையில் எக்ஸ்570 சிப்செட் மதர்போர்டு மலிவாகக் கிடைத்தால் நின்று யோசியுங்கள். 2019-இல் வந்த அவற்றில் பெரும்பாலானவை சிப்செட்டின் மேலேயே ஒரு குட்டி ஃபேனைச் சுமந்தபடி வந்தன.

பூட்டி முடித்த பிறகு தெரியவரும் சங்கதிகள்

டிவி ரிமோட்டாலேயே கணினியையும் இயக்கலாம் என்று எண்ணியிருப்பீர்கள். எச்டிஎம்ஐ வழியாக அதைச் செய்யும் சிஇசி வசதி ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் உண்டு, கணினி கிராஃபிக்ஸில் பெரும்பாலும் கிடையாது. தனி அடாப்டரோ அகச்சிவப்பு ரிசீவரோ வாங்க வேண்டும். கேபினெட்டின் முன்பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள பழைய மதர்போர்டில் 4கே வரும், ஆனால் நொடிக்கு 30 முறையே புதுப்பிக்கும். 60 வேண்டுமென்றால் 2.0 ஆவது இருக்க வேண்டும். தனி சவுண்ட் கார்டு வாங்கி ஆப்டிகல் கேபிளில் ஆம்ப்ளிஃபையருக்கு இணைப்பது இன்னொரு வீண் செலவு. டால்பி ட்ரூஎச்டி போன்ற இழப்பற்ற ஒலி ஆப்டிகல் வழியே போகாது, எச்டிஎம்ஐயில் போகும். 4கே வட்டுகளைக் கணினியில் முறைப்படி போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்குத் தேவையான எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை மேசைக் கணினிகளுக்கான பிராசசர்களில் பதினொன்றாம் தலைமுறையோடு இன்டெல் எடுத்துவிட்டது. புதிய பிராசசர் வாங்கியதாலேயே வட்டு ஓடாமல் போகும் விசித்திரம் இது. தனி பிளேயர் வாங்குவதே உத்தமம்.

சோபாவிலிருந்து தட்டும் கம்பியில்லா விசைப்பலகை எழுத்துகளை விழுங்குகிறதா? விசைப்பலகையைத் திட்டாதீர்கள். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்குகின்றன. இன்டெல்லே 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை யுஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு முழ நீட்டிப்பு வயரில் பெட்டியின் முன்னே கொண்டுவாருங்கள். சரியாகிவிடும்.

பவர் பட்டனைச் சுற்றி எரியும் நீல விளக்குக்கும் ஒரு வார்த்தை. கடை வெளிச்சத்தில் அழகாகத்தான் இருக்கும். இருட்டறையில் திரைக்குக் கீழே அது இரண்டாவது நிலா. என் பெட்டியில் அதன்மேல் இரண்டு சுற்று கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். ஒரு சுற்று போதவில்லை.