முழுகாமல் இருப்பவர் கையில் மணிக்கூடு கட்டும்போது

கர்ப்பிணித் தாய்மாரின் இதயத் துடிப்பு, நித்திரை, நடையை ஆய்வுக்காகப் பதிய அவர்கள் கையில் ஒரு கருவியைக் கட்டுகிறோம். ஆய்வுப் படிவத்தில் அதற்கு ‘அணியக்கூடிய உணரி’ என்று பெயர். கிளினிக் வாங்கில் இருக்கும் தாய்மாருக்கு அது மணிக்கூடு. இந்த வேலைக்குப் புதிதாய் வருகிறவர்கள் அப்படியே சொல்லுங்கள். உணரி என்றால் ஊசி போடப் போகிறோமாக்கும் என்று கையை இழுத்துக்கொள்வார்கள்.

நான் முதல் வீட்டுக்குப் போனபோது இதயத் துடிப்பு, நித்திரை, நடை என்று எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு போனேன். மாமியார் கேட்டது வேறு: “பிள்ளை, நாங்கள் எங்க போறம் வாறம் எண்டும் இது பார்க்குமோ?” சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி சும்மா வராது. “இல்லை அம்மா” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மருமகளின் போனில் ‘இருப்பிடத்தை அறிய அனுமதிக்கவா?’ என்று வந்து நின்றது. பழைய அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் புளூடூத்தால் ஒரு கருவியைத் தேடுவதற்கே அந்த அனுமதி வேண்டும். எனக்கு அது அன்று தெரியாது. மாமியார் பிளேன்ரீயைத் தந்துவிட்டு உள்ளே போனவர்தான், திரும்பி வரவில்லை.

ஆகவே போகுமுன் மணிக்கூட்டோடு இணையும் செயலியை உங்கள் போனிலேயே போட்டுப் பாருங்கள். ஜிபிஎஸ் உண்டா, தரவு எங்கே போகிறது, பெயரோடா இலக்கத்தோடா, யார் யார் பார்ப்பார்கள் என்பதை ஆய்வுக் குழுவிடம் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டுக்காரர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

சம்மதப் படிவத்தை அன்றே ஒப்பமிட்டு வாங்காதீர்கள், வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) பக்கத்தில் நின்றால் எந்தத் தாயும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். அதனால் தாயோடு தனியாகக் கதையுங்கள். சேராவிட்டாலும், நடுவில் விட்டாலும் கிளினிக் கவனிப்பு குறையாது என்பதைச் சொல்ல வேண்டும். “அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்” என்பது பலசமயம் மரியாதையான ‘வேண்டாம்’. ஒருமுறை விசாரிக்கலாம், அதற்குமேல் போகாதீர்கள்.

கட்டுவது சின்ன வேலைதான். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, அசையாமல், ஆனால் இறுக்காமல். அடியில் எரியும் பச்சை வெளிச்சம் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். எண்ணெயும் வியர்வையும் இருந்தால் துடைத்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். கடைசி மாதங்களில் கை வீங்கும், போகும்போதெல்லாம் பட்டியைக் கழற்றித் தோலைப் பாருங்கள். தழும்பு விழுந்திருந்தால் ஒரு துளை தளர்த்துங்கள். கையும் முகமும் திடீரென்று வீங்கி, தலையிடியோ கண் மங்கலோ இருந்தால் அது பட்டிப் பிரச்சினை இல்லை, உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

ஒரு தாயின் தரவு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அரை நாள் காணாமல் போனது. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டிருந்தால் மன்னிப்புத்தான் கேட்டிருப்பார். வெள்ளிக்கிழமை காலையில் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முழுகும்போது கிணற்றுக்கட்டில் கழற்றி வைக்கிறார், அப்படியே கோயிலுக்குப் போய்விடுகிறார். பின்னேரம்தான் ஞாபகம் வருகிறது. சரி, குளிக்கப் போகும்போது சார்ஜில் போடுங்கள் என்று சார்ஜரைச் சாமியறைக்குப் பக்கத்துப் பிளக்கில் மாட்டிவிட்டேன். விளக்கு வைக்கப் போனால் கண்ணில் படும். இன்னொரு வீட்டில் போன் கணவரோடு வேலைக்குப் போய்விடும், தரவு இரவில்தான் வரும். அதைக் குறித்து வைத்தால் போதும்.

துடிப்பின் இலக்கத்தைத் திரையில் காட்டும் கருவியென்றால் முதல்நாளே சொல்லுங்கள்: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இதயம் வழமையைவிட வேகமாய் அடிக்கும். நான் சொல்ல மறந்த ஒருவர் இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். “மிஸ், நூறுக்கு மேல காட்டுது.” மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு நோகிறதா, பிள்ளை அசைகிறதா என்று கேட்டேன். கிணற்றில் தண்ணீர் அள்ளிவிட்டு வந்தாராம். அப்புறம் சிரித்தார். ஆனால் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல நாங்கள் வைத்தியர்கள் இல்லை. பிள்ளையின் அசைவு குறைந்தாலோ இரத்தம் பட்டாலோ, மணிக்கூடு என்ன காட்டினாலும் வைத்தியசாலைக்குத்தான். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் மட்டையில் பெரிதாய் எழுதிக் கொடுங்கள்.

பிள்ளை பிறந்தபின் கருவியை வாங்க அவசரப்பட்டு ஓடாதீர்கள். முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழியட்டும். போகும்போது சார்ஜரையும் கேட்டு வாங்குங்கள், அநேகமாய் அதுதான் தொலைந்திருக்கும்.