வீச்சு வலையின் கிழிசலை வீட்டிலேயே பொத்துவது

போன மாதம் மணக்குடிக் காயலில் வீசிய வலை, அடியில் கிடந்த ஒரு கல்லில் மாட்டிக்கொண்டது. கல் முழுக்கச் சிப்பி. இழுத்து எடுத்துப் பார்த்தால், இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவுக்குக் கிழிசல். கூட வந்த தம்பி, "அண்ணே, இனி இது தேறாது, புதுசு வாங்கிருங்க" என்றார். அன்று ராத்திரியே உட்கார்ந்து பொத்தினேன். ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. அதே வலையில்தான் போன சனிக்கிழமை மடவை பிடித்தேன்.

வலை பொத்தத் தெரிந்தவர்கள் கடற்கரை ஊர்களிலேயே குறைந்துகொண்டு வருவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் அம்மை கூலிக்கு வலை முடைந்தவர். அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்தில்கூட அவர் கையில் ஊசி இருக்கும். ஆனால் எனக்குப் பொத்தச் சொல்லிக் கொடுத்தது பாட்டா, அதாவது தாத்தா. அவரிடம் கற்றதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சாமான்கள். வலை ஊசி, அளவுக்கட்டை, சின்னக் கத்தரிக்கோல், வலைக்கு ஏற்ற நூல். இவ்வளவுதான்.

ஊசி கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். நான் மூங்கிலில் செய்துகொள்கிறேன். காய்ந்த மூங்கில் பத்தை ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கண்ணிக்குள், அதாவது வலையின் ஒரு கட்டத்துக்குள், தாராளமாக நுழையும் அகலத்துக்குச் சீவ வேண்டும். ஒரு முனை கூராக இருக்கட்டும். அதற்குக் கீழே உட்பக்கத்தை வெட்டி எடுத்து, நடுவில் ஒரு நாக்கு மட்டும் நிற்கும்படி விடுங்கள். மறுமுனையில் கவட்டை போல ஒரு வெட்டு. நூலை நாக்கில் மாட்டி, கீழே கவட்டை வழியாகக் கொண்டுபோய், ஊசியைத் திருப்பி, மறுபக்கம் மேலேற்றித் திரும்பவும் நாக்கில் மாட்ட வேண்டும். நூல் சுற்றிய பிறகும் ஊசி கண்ணிக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். ஆசைப்பட்டு நிறையச் சுற்றினால் ஒவ்வொரு முடிச்சுக்கும் திணற வேண்டியிருக்கும். கடைசியாகக் கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்குங்கள். ஒரு பிசிறு இருந்தாலும் நூலைப் பிடித்து இழுக்கும்.

அளவுக்கட்டை என்பது ஒரே அகலமுள்ள தட்டைக் குச்சி. கண்ணியை இழுத்துப் பிடித்து, முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரைக்கும் அளந்தால் எவ்வளவு வருகிறதோ, கட்டையின் அகலம் அதில் பாதி. 40 மில்லிமீட்டர் கண்ணிக்கு 20 மில்லிமீட்டர் கட்டை. பனைமட்டையில் சீவினாலே போதும்.

நூலில் கவனம் வேண்டும். முறுக்கு நைலான் நூலில் 210/2/3 என்று எழுதியிருப்பார்கள். 210 என்பது இழையின் டெனியர், அதாவது 9,000 மீட்டர் இழையின் எடை 210 கிராம். அப்படிப்பட்ட இரண்டிரண்டு இழைகள் சேர்ந்து ஒரு புரி, மூன்று புரி சேர்ந்து ஒரு நூல். உங்கள் வலை எந்த நூலோ அதே நூலில் பொத்துங்கள். தடித்த நூல் போட்டால் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இடம் மட்டும் விறைத்து நிற்கும், பக்கத்துக் கண்ணிகள் அடுத்த தடவை கிழியும். நரம்பு வலையானால், அதாவது முறுக்கில்லாத ஒற்றை இழையில் முடைந்த வலையானால், அதே கனத்தில் நரம்பு.

அப்புறம் வெட்டு. புதிதாகப் பொத்துகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். கிழிசலைப் பார்த்ததும் நல்ல நூலை வெட்ட மனசு வராது. எனக்கும் பன்னிரண்டு வயதில் வரவில்லை. அறுந்த நூல்களை எதிரெதிரே இழுத்துக் கட்டினேன். அந்த இடம் சுருங்கி முண்டு போலாகிவிட்டது, வீசினால் வலை ஒரு பக்கம் விரியவே இல்லை. பாட்டா எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டு, "மக்ளே, வெட்டப் பயந்தா பொத்த முடியாது" என்று கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார்.

வலையின் உச்சியை ஆணியில் மாட்டித் தொங்கவிடுங்கள். முடிச்சு வரிசைகள் குறுக்காக நேராகத் தெரிய வேண்டும். ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவில் உள்ள நூலைக் கால் என்போம். நல்ல வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு கால் போகும். கிழிசலைச் சுற்றிலும் உள்ள முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒற்றைக் காலோடு தொங்குவதை வெட்டி எறியுங்கள். மேலே ஒரு முடிச்சும் கீழே ஒரு முடிச்சும் மட்டும் மூன்று காலோடு இருக்கட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு கால் மட்டுமே இருக்க வேண்டும். மேலே இருக்கும் மூன்று கால் முடிச்சில் தொடங்கி, கீழே இருக்கும் மூன்று கால் முடிச்சில் முடிப்பீர்கள். இப்படி வெட்டினால் நடுவில் நூலை அறுக்காமல் ஒரே ஓட்டமாகப் பொத்தி முடிக்கலாம். கிழிசல் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். தெரியட்டும்.

இனி முடிச்சு. கிழிசலில் கை வைப்பதற்கு முன்னால், ஒரு கயிற்று வளையத்தில் பத்து வரிசை முடைந்து பழகுங்கள். இடது கையில் கட்டையைப் பிடித்து, நூலை அதன் முன்பக்கமாகக் கீழே இறக்கி, பின்பக்கமாக மேலே ஏற்றுங்கள். ஊசியை மேல்கண்ணிக்குள் பின்னாலிருந்து முன்னால் நுழைத்து, கீழ்நோக்கி இழுங்கள். கண்ணியின் அடி கட்டையின் மேல்விளிம்பில் வந்து உட்கார்ந்ததும், அந்த இடத்தைப் பெருவிரலால் அமுக்கிக்கொள்ளுங்கள். நூலை இடப்பக்கமாக மேலே வீசி, கண்ணியின் மேல் ஒரு வளையமாக விழவிடுங்கள். ஊசியை வலப்பக்கத்திலிருந்து கண்ணியின் இரண்டு காலுக்கும் பின்னால் விட்டு, இடப்பக்கம் அந்த வளையத்துக்குள் எடுத்து, இறுக்குங்கள்.

பெருவிரலை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் முடிச்சு கண்ணிக்குக் கீழே நழுவி, தன் நூலையே சுற்றிக்கொள்ளும். பார்வைக்கு முடிச்சு மாதிரியே இருக்கும், மீன் முட்டினால் ஓடிவிடும். கண்ணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். முடிச்சு நகர்ந்தால் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். நரம்பு வலையில் வழுக்கல் அதிகம் என்பதால் ஊசியைக் கண்ணிக்குப் பின்னால் இரண்டு சுற்று விட வேண்டும். இறுக்குவதற்கு முன் தண்ணீரோ எச்சிலோ தொட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த நரம்பை வேகமாக இறுக்கினால் உராய்வில் சூடாகி அந்த இடமே பலம் குறையும்.

கை பழகிவிட்டதா? சரி, கிழிசலுக்கு வருவோம். மேலே உள்ள மூன்று கால் முடிச்சில் நூலைக் கட்டி, அந்த வரிசையின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போங்கள். ஓரத்துக்கு வந்ததும், பக்கத்து முடிச்சோடு ஒரு கால் நீளம் விட்டுக் கட்டிவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்புங்கள். கடைசி வரிசையில் மட்டும் மேலே ஒரு புதுக் கண்ணி, கீழே ஒரு பழைய கண்ணி என்று மாறி மாறிப் பிடிக்க வேண்டும். முடிக்கும் இடத்தில் இரட்டை முடிச்சு போட்டு, அரை விரல் நூல் விட்டு நறுக்குங்கள். ஒட்ட நறுக்கினால் நனைந்த பிறகு உருவிக்கொள்ளும். பழகினால் அளவுக்கட்டைகூட வேண்டாம், விரலே அளவு சொல்லும். எனக்கு இன்னும் பெரிய கிழிசலுக்குக் கட்டை வேண்டும்.

அடிக்கயிற்றில் ஈயக்குண்டு உதிர்ந்திருந்தால் கடையில் வாங்கிக் கட்டுங்கள். பழைய ஈயத்தை அடுப்பில் உருக்கி வார்க்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும் என்பதால் சுலபமாகத் தெரியும். ஆனால் அது விஷம். சமைக்கிற வீட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். குண்டைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

பாட்டா காலத்துப் பருத்தி வலைக்கு மரப்பட்டைச் சாயம் காய்ச்சி ஏற்றினார்கள், இல்லாவிட்டால் மக்கிவிடும். நைலான் மக்காது, ஆனால் வெயிலில் நூல் இற்றுப்போகும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மீன் வாடை போகாத வலையை எலி விடாது, அதனால் தொங்கவிட்டே வைக்க வேண்டும். நண்டு மாட்டினால் இழுக்காமல், காலை ஒவ்வொன்றாக எடுங்கள். பேத்தை மீன் பல்லால் நறுக்கிய இடம் சின்னதாகத்தான் இருக்கும், அன்றைக்கே பொத்திவிடுங்கள்.

பொத்திய வலையை முதலில் முழங்கால் தண்ணீரில் வீசுங்கள். தண்ணீரில் விழும் வட்டத்தைப் பாருங்கள். பொத்திய பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால், அங்கே எங்கோ ஒரு கண்ணி சிறுத்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் அதை மட்டும் வெட்டி மறுபடி போடுங்கள்.