டின் ரம் காக்டெயில்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் லீவில் ஊருக்கு வந்தால், கப்பல் பார் வேலைக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகள் சிலர் தேடி வருவார்கள். குளச்சல், குறும்பனை, நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். எல்லோரும் 21 வயது தாண்டியவர்கள், ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்தவர்கள். கப்பலில் நீச்சல்குளத்தைச் சுற்றிக் கண்ணாடி ஆகாது என்பதால் அங்கே டின்னுக்குத்தான் ஓட்டம். மோஹிட்டோ, ரம்-கோலா, பீனா கொலாடா, மாய் டாய் என்று ரம் காக்டெயில்கள் பலவும் இப்போது டின்னில் வருகின்றன. எதை வாங்கலாம், எதை எதோடு வைத்து விற்கலாம் என்று ஒப்பிட்டு எழுதத் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பு உண்டு.

பிள்ளைகள் எழுதிக் கொண்டுவரும் தாள்களைப் பார்த்தால், தொடக்க காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் இருக்கின்றன. டின்னைக் குலுக்கித் திறக்கக் கூடாது, காலாவதி தேதி பார்க்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டின்னுக்கு டின் என்று ஒப்பிடுவது

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், கொஞ்சம் விரிவாகவும் சொல்ல வேண்டும்.

ஐந்து டின்னை வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு குடித்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்கள். டின்னில் சிறிய எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மில்லி அளவு, மற்றது ஆல்கஹால் சதவீதம். இந்த இரண்டையும் தாளில் குறிக்கிறவர் அபூர்வம்.

சமீபத்தில் ஒரு பையன் தாளை நீட்டி, "அண்ணே, மாய் டாய்தான் டாப்பு. நல்ல பாடி. மோஹிட்டோ சும்மா தண்ணி மாதிரி இருக்கு" என்றான்.

"மக்கா, ரெண்டு டின்னையும் திருப்பி வாசி" என்றேன்.

பக்கார்டி மோஹிட்டோ 355 மில்லி, 5.9 சதவீதம். கட்வாட்டர் மாய் டாய் அதே 355 மில்லி, ஆனால் 12.5 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். ஆல்கஹால் கூடினால் நாக்கில் கனம் தெரியும் (அவன் 'பாடி' என்றது அதைத்தான்), லேசான இனிப்பும் தொண்டையில் சூடும் சேரும். அதைக் குடித்த வாயோடு வீரியம் குறைந்த டின்னுக்கு வந்தால் அது தண்ணீராகத்தான் படும். பையன் மார்க் போட்டது ஆல்கஹாலுக்கு. எலுமிச்சையும் பாதாம் சிரப்பும் ஆரஞ்சு மதுவும் ரம்மோடு எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் மாய் டாயில் பார்க்க வேண்டியது. அதைப் பற்றி அவன் தாளில் ஒரு வரி இல்லை.

நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். டாஸ்மாக் ரம் 42.8 சதவீதம். ஒரு கட்டிங், அதாவது 90 மில்லியில், சுத்த ஆல்கஹால் 38.5 மில்லி. அந்த மாய் டாய் டின்னில் இருப்பது 44.4 மில்லி. பழச்சாறு வாசனையோடு, வண்ணப்படம் போட்ட டின்னில், ஒரு கட்டிங்குக்கு மேல் உள்ளே போகிறது. மோஹிட்டோ டின்னில் 20.9 மில்லிதான், 60 மில்லி லார்ஜில் இருக்கும் 25.7 மில்லியைக்கூட அது எட்டவில்லை. இங்கிலாந்தில் விற்கும் கேப்டன் மோர்கன் கோலா டின் 250 மில்லி, 5 சதவீதம். கிட்டத்தட்ட ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி ரம். ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் ரம்-கோலா 375 மில்லி, 4.6 சதவீதம், ஸ்மாலுக்கும் லார்ஜுக்கும் நடுவில். இந்த நான்கையும் ஒரே வரிசையில் வைத்து "எது நல்லது" என்று கேட்டால் எந்தப் பதிலும் தப்பாகத்தான் வரும்.

கணக்கு கஷ்டமில்லை. மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் சுத்த ஆல்கஹால் மில்லியில் கிடைக்கும். அதை 0.789-ஆல் பெருக்கினால் கிராம். மாய் டாய் டின்னுக்கு 35 கிராம் வரும். ஒரு 'ஸ்டாண்டர்டு டிரிங்க்', அதாவது குடிக்கும் ஆல்கஹாலை எண்ண ஒவ்வொரு நாடும் வைத்திருக்கும் அளவு, அமெரிக்காவில் 14 கிராம், ஆஸ்திரேலியாவில் 10 கிராம். இங்கிலாந்தில் ஒரு யூனிட் 8 கிராம். ஆக அந்த ஒரே டின் அமெரிக்கக் கணக்கில் இரண்டரை, ஆஸ்திரேலியக் கணக்கில் மூன்றரை. ஆஸ்திரேலியாவில் ஒரு டின்னில் எத்தனை ஸ்டாண்டர்டு டிரிங்க் என்பதை லேபிளிலேயே போட வேண்டும் என்பது சட்டம். பண்டபெர்க் டின்னைத் திருப்பினால் 1.4 என்று இருக்கும். எல்லா நாட்டிலும் அப்படிப் போட்டிருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

விலையிலும் இதே ஓட்டைதான். ஒரு பேச்சுக்கு மோஹிட்டோ டின் 4 டாலர், மாய் டாய் டின் 5 டாலர் என்று வையுங்கள். நாலு டாலர்தான் மலிவு என்று தாளில் எழுதிவிடுகிறார்கள். பத்து மில்லி ஆல்கஹாலுக்கு என்று பிரித்தால் முதலாவது 1.91 டாலர், இரண்டாவது 1.13 டாலர். நான் மலிவான போதையை வாங்கச் சொல்லவில்லை. எது மலிவு என்று எழுதுவதற்கு முன் எந்த அளவை வைத்து மலிவு என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் எனக்கு இன்னமும் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. ஒரு கப்பலில் ஐந்து சதவீத டின் தீர்ந்துபோய், அதன் இடத்தில் 12 சதவீதத்துக்கு மேல் உள்ள டின் வந்தது. அதே உயரம், அதே பருமன். சுவைத்துப் பார்த்த குழுவில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது, மெனுவில் பழைய வரியிலேயே பெயரை மட்டும் மாற்றினார்கள். சதவீதம் போடவில்லை. முந்தைய நாள் மூன்று டின் குடித்துவிட்டு நன்றாக நடந்து போன ஒரு வயதான அம்மா, மறுநாள் அதே வெயிலில் அதே மூன்று டின் கேட்டார். பாரில் நின்ற பையன் கொடுத்தான். நாற்காலியிலிருந்து எழுந்தபோது விழுந்து, கப்பல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நெற்றியில் தையல். எச்சரிக்கைக் கடிதம் வாங்கியது அந்தப் பையன்தான். டின்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெயர் எந்தத் தாளிலும் வரவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: தாளில் முதல் கட்டம் மில்லி, இரண்டாவது சதவீதம், மூன்றாவது சுத்த ஆல்கஹால். இந்த மூன்றையும் நிரப்பாமல் டின்னைத் திறக்காதீர்கள். ஏழு சதவீதத்துக்குக் கீழே உள்ளவை ஒரு வரிசை, பத்துக்கு மேல் உள்ளவை வேறொரு வரிசை. அடுத்த வரிசைக்கு மறுநாள் வாருங்கள்.

ரம்மே இல்லாததை ரம் வரிசையில் வைப்பது

டின்னில் மோஹிட்டோ என்று போட்டிருப்பதால் உள்ளே ரம் இருக்கிறது என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் கிடைக்கும் இந்த வகை டின்களில் சில, பீர் மாதிரி தானியத்தைப் புளிக்கவைத்து, அதன் வாசனையை வடிகட்டி எடுத்துவிட்டு, மேலே ஃப்ளேவர் சேர்த்தவை. காரணம் வரியும் கடையும். பீர் வகைக்கு வரி குறைவு. பல மாநிலங்களில் பீரை மளிகைக் கடையிலேயே விற்கலாம், ரம் சேர்ந்ததை விற்க முடியாது. முன்பக்கம் தென்னைமரப் படம் இருக்கும். பின்பக்கம் 'மால்ட் பெவரேஜ்' என்று இருக்கிறதா, 'ரம்' என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

லேபிள் கிழிந்திருந்தால் மூக்கை நம்பலாம். மொலாசஸிலிருந்து (சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்புப் பாகு) வடித்து மரப்பீப்பாயில் பழகிய டார்க் ரம் என்றால், கருப்பட்டிக்குப் பாகு காய்ச்சும் வீட்டைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த லேசாகக் கருகிய இனிப்பு வாசனை உடனே பிடிபடும். வெள்ளை ரம்மில் இது குறைவு, அங்கே லேபிள்தான் கதி. மால்ட் வகையில் விழுங்கிய பிறகு அடிநாக்கில் பீரின் மிச்சம் நிற்கும். அதுவும் குடிக்க நன்றாக இருக்கலாம். ஆனால் அதை ரம்மோடு சேர்த்து மார்க் போடக் கூடாது.

ஒன்று ஜில், ஒன்று வெதுவெது

மே மாதம் நாகர்கோவிலில் ஃப்ரிட்ஜிலிருந்து டின்களை எடுத்து மேஜையில் பரப்பினால், கடைசி டின்னுக்கு வரும்போது அது சூடாகியிருக்கும். நல்ல குளிரில் இனிப்பு அடங்கித் தெரியும். சூடேற ஏற இனிப்பு மேலே வரும், கேஸும் சீக்கிரம் போகும். அதே டின்னை இரண்டு சூட்டில் குடித்தால் இரண்டு பானம் என்றுதான் சொல்வீர்கள். ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் சேர்த்து எல்லா டின்னையும் ஒன்றாக அமிழ்த்தி வையுங்கள். வெறும் ஐஸைவிட ஐஸ் தண்ணீர் வேகமாகக் குளிர வைக்கும். ஒன்றை எடுத்து, குடித்து, எழுதி முடித்த பிறகு அடுத்ததை எடுங்கள்.

அப்புறம் ஐஸ் விஷயம். பத்து சதவீதத்துக்கு மேல் உள்ளவை பெரும்பாலும் ஐஸ் மேல் ஊற்றிக் குடிப்பதற்குச் செய்தவை. ஐந்து சதவீத டின்னில் ஐஸ் போட்டால் இருக்கிற கொஞ்சமும் கரைந்துபோகும்.

டின்னோடு வாயில் வைப்பது

டம்ளரில் ஊற்றுங்கள். மூக்குக்கு வேலை கொடுங்கள்.

பக்கத்தில் நெத்திலி வறுவல்

வேண்டாம். வெள்ளைச் சோறு அல்லது ரொட்டி, தண்ணீர்.

தேங்காயைத் தேடுவது

பீனா கொலாடா என்றால் ரம், தேங்காய் கிரீம், அன்னாசி. பியூர்ட்டோ ரிகோ 1978-இல் இதைத் தன் தேசிய பானமாக அறிவித்தது. தினமும் தேங்காய் அரைக்கிற வீட்டுப் பிள்ளைகள் டின் பீனா கொலாடாவை வாயில் வைத்ததுமே முகம் சுளிக்கிறார்கள். அந்த நாக்கு சொல்வது சரிதான். ஆனால் தாளில் "நன்றாக இல்லை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. தேங்காய்க் கொழுப்பு டின்னில் நின்றால் பிரிந்து மேலே மிதக்கும். அதனால் கேஸ் ஏற்றிய, தெளிவாக இருக்கும் வகைகளில் பலவற்றில் தேங்காய் வாசனை மட்டும்தான் இருக்கிறது. கிரீம் சேர்த்த வகையை, கேஸ் இல்லையென்றால், திறப்பதற்கு முன் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். இல்லையென்றால் முதல் டம்ளர் கெட்டியாகவும் கடைசி டம்ளர் தண்ணீராகவும் வரும். கிரீம் உள்ளதா, வாசனை மட்டுமா என்று பிரித்து எழுதுங்கள். குறையை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கமும் பார்க்கிறேன். மோஹிட்டோவில் எலுமிச்சை வாசனை போதவில்லை என்று ஒரு நாரங்காயை (எலுமிச்சையை) வெட்டிப் பிழிந்துவிடுகிறார்கள், பிறகு மார்க் போடுகிறார்கள். பிழிந்த சாறு சீக்கிரம் மாறிவிடும் என்பதால் டின்னில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலமும் செறிவூட்டிய சாறும்தான் இருக்கும்; புளிப்பு வரும், தோல் எண்ணெயின் வாசனை வராது. அதுதான் நீங்கள் கண்டுபிடித்துத் தாளில் எழுத வேண்டியது. பிழிந்து மூடிவிட்டால் அடுத்தவருக்குத் தெரியவே தெரியாது.

துப்ப வெட்கப்படுவது

சுவைத்துவிட்டுத் துப்புவது இந்தத் தொழிலில் மரியாதைக் குறைவே இல்லை. நான்காவது டின்னுக்குப் பிறகு விழுங்குகிறவர் போடும் மார்க்கை நான் எடுத்துக்கொள்வதில்லை. துப்பினாலும் வண்டி ஓட்டாதீர்கள்; 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் சட்டப்படி குற்றம்.

ஊருக்குக் கொண்டுவரும் கணக்கு

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது, ஆளுக்கு 2 லிட்டர். பீரும் இதில் சேர்த்தி. 355 மில்லி டின் ஆறு சேர்ந்தால் 2,130 மில்லி. சிக்ஸ்-பேக்கை அப்படியே பெட்டியில் போடாமல் ஒன்றை எடுத்துவிட்டு ஐந்தாகக் கொண்டுவாருங்கள். கைப்பையில் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.